பேசிக்கிட்டே இருக்கிற பிரிட்டிஷ் ஸ்பை படத்தை பாக்கிறது எப்படி? "பேஜ் எய்ட்" வச்சு புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்பை படம்னு சொன்னாலே நமக்கு மனசுல ஓடுறது கார் சேஸ், துப்பாக்கி, மாடில இருந்து குதிக்கிற ஹீரோ. அந்த நினைப்போட "பேஜ் எய்ட்" போட்டீங்கன்னா 20 நிமிஷத்துல ரிமோட்டை தேடுவீங்க, ஏன்னா கோட் போட்ட வயசான ஆளுங்க ரூமுக்குள்ள உக்காந்து மெதுவா பேசிக்கிட்டே இருப்பாங்க, யாரும் குரலைக்கூட உயர்த்த மாட்டாங்க. நான் முதல் தடவை பாதில நிறுத்திட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு திரும்ப போட்டப்போ தான் புரிஞ்சுது, நான் பாத்த விதம் தான் தப்பு, இந்த மாதிரி படத்தை காதால பாக்கணும். எனக்கு இப்போ ரொம்ப பிடிச்ச படங்கள்ல இது ஒண்ணு, அதனால புதுசா ஆரம்பிக்கிறவங்க யாரும் பாதில விட்டுடக் கூடாதுன்னு தான் இதை எழுதுறேன். படத்தோட முதல் அரை மணி நேரத்துல வர்றதை மட்டும் தான் கதையா சொல்லுவேன், முடிவை தொட மாட்டேன்.

சின்ன அறிமுகம். 2011 ஆகஸ்ட்ல பிபிசி டூ சேனல்ல வந்த டிவி படம், சுமார் 1 மணி 40 நிமிஷம். எழுதி டைரக்ட் பண்ணவர் டேவிட் ஹேர், அடிப்படைல நாடக ஆசிரியர். ஈராக் போருக்கு எப்படி முடிவெடுத்தாங்கன்னு 2004லயே ஒரு மேடை நாடகம் எழுதினவர். நாடகக்காரர் எழுதின ஸ்பை படம்ங்கிறதை மனசுல வச்சுக்கிட்டா, ஏன் இவ்ளோ பேசுறாங்கன்னு கேள்வியே வராது.

ஸ்டெப் 1: உக்கார்ற விதம்

சாப்பிட்டுக்கிட்டே பாக்காதீங்க. கிச்சன்ல மிக்சி ஓடுற நேரத்துல பாக்காதீங்க. போனை வேற ரூம்ல வச்சிடுங்க, முடிஞ்சா ஹெட்போன் மாட்டிக்கோங்க. சப்டைட்டில் கட்டாயம் ஆன் பண்ணுங்க, இங்கிலீஷ் நல்லா தெரிஞ்சவங்களும் தான், ஏன்னா இதுல நடிச்சவங்க நிறைய வரிகளை பாதி முணுமுணுப்பா விடுவாங்க, அந்த முணுமுணுப்புல தான் விஷயமே இருக்கும். மெஷின் போட்ட தமிழ் சப்டைட்டில் வேணாம்னு சொல்லுவேன், இங்கிலீஷ்லயே வைங்க. ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருக்கிறது தான் இந்த மாதிரி கதையோட உயிர், மெஷின் அதுல ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணை தூக்கிப் போட்டுடும். புரியலன்னா நிறுத்தி பின்னாடி போங்க, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. ஆனா ஸ்பீடை மட்டும் கூட்டாதீங்க. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல ஒருத்தர் எத்தனை செகண்ட் யோசிக்கிறார்ங்கிறதும் ஒரு தகவல் தான், ஸ்பீட் கூட்டினா அது காணாம போயிடும்.

ஸ்டெப் 2: யார் யாருக்கு பதில் சொல்லணும்

இது தெரியாம போனா படம் பாதி புரியாது. எம்ஐ5ன்னா நாட்டுக்குள்ள பாதுகாப்பு பாக்கிற அமைப்பு, தேம்ஸ் நதியோட வடகரைல தேம்ஸ் ஹவுஸ்ங்கிற கட்டடத்துல இருக்கு. எம்ஐ6 வெளிநாட்டு உளவு, நதிக்கு தென்கரைல வாக்ஸ்ஹால் கிராஸ். மூணாவது ஜிசிஹெச்கியூ, ஒட்டுக்கேக்கிற வேலை, செல்ட்டன்ஹாம்ங்கிற ஊர்ல இருக்கு. எம்ஐ5 ஆளுங்களுக்கு யாரையும் கைது பண்ற அதிகாரம் கிடையாது, அதுக்கு போலீஸ் தான் வரணும். அப்போ அவங்க கைல இருக்கிற ஒரே சரக்கு தகவல் தான், அதனால தான் ஒரு தகவலுக்காக இவ்ளோ மல்லுக்கட்டு.

நம்ம ஆளுங்க எல்லாரும் குழம்புற இடம் ஒண்ணு இருக்கு. ஹோம் செக்ரட்டரின்னு சொன்னதும் நம்ம ஊர் பழக்கத்துல ஒரு ஐஏஎஸ் அதிகாரின்னு நினைச்சுக்குவோம். அங்க அப்படி இல்ல, ஹோம் செக்ரட்டரின்னா உள்துறை அமைச்சர், ஓட்டு வாங்கி ஜெயிச்சு வந்த அரசியல்வாதி. எம்ஐ5 தலைவர் பதில் சொல்ல வேண்டியது அவங்களுக்கு தான். எம்ஐ6 தலைவர் ஃபாரின் செக்ரட்டரிக்கு, அதாவது வெளியுறவு அமைச்சருக்கு. இதை தப்பா எடுத்துக்கிட்டா இந்த படத்துல ஹோம் செக்ரட்டரி உக்காந்திருக்கிற சீன் எல்லாம் ஒரு ஆபீஸ் மீட்டிங் மாதிரி தெரியும், நிஜத்துல அங்க நடக்கிறது ஒரு அமைச்சரோட அரசியல் வாழ்க்கையை தராசுல வைக்கிற வேலை. அப்புறம் வைட்ஹால்னு அடிக்கடி வரும், அது லண்டன்ல ஒரு தெரு, அரசாங்க ஆபீஸ் எல்லாம் அங்க இருக்கிறதால அரசு இயந்திரத்துக்கே அந்த பேர். நம்பர் 10ன்னா பிரதமர் ஆபீஸ்.

ஸ்டெப் 3: முகங்களை பிரிச்சு வச்சுக்கோங்க

ஜானி வொரிக்கர், பில் நை. எம்ஐ5ல பல வருஷமா இருக்கிற அனலிஸ்ட், வந்த தகவலை படிச்சு எடை போடுறது தான் அவர் வேலை. பெனடிக்ட் பாரன், எம்ஐ5 தலைவர், மைக்கேல் கேம்பன். இவங்க ரெண்டு பேரும் ரொம்ப பழைய நண்பர்கள், ஜானியோட முன்னாள் மனைவி இப்போ பெனடிக்ட்டோட மனைவி, அதுக்கு அப்புறமும் நட்பு உடையல, இதை மறந்துடாதீங்க. பிரதமர் அலெக் பீஸ்லி, ரேஃப் ஃபைன்ஸ். ஜில் டேங்கர்ட்னு ஜானியோட சக அதிகாரி, ஜூடி டேவிஸ். ஹோம் செக்ரட்டரியா சாஸ்கியா ரீவ்ஸ். ஜானியோட பக்கத்து வீட்டு நான்சியா ரேச்சல் வைஸ். ஹாரி பாட்டர் பாத்தவங்களுக்கு ஒரு சுலப வழி, அதுல டம்பிள்டோரா வந்தவர் இங்க எம்ஐ5 தலைவர், வோல்டமார்ட்டா வந்தவர் இங்க பிரதமர். அப்படி வச்சுக்கிட்டா குழம்பாது.

ஸ்டெப் 4: பேப்பர் பின்னாடியே போங்க

படத்தோட பேரே ஒரு பக்கத்தோட நம்பர். பெனடிக்ட் ஒரு ஃபைலை கொண்டு வந்து ஹோம் செக்ரட்டரி, ஜில், ஜானி மூணு பேர் முன்னாடியும் வைக்கிறார். எட்டாம் பக்கத்துல கீழ இருக்கிற ஒரு விஷயத்தை ஜானி தான் எடுத்துக் காட்டுறார். அமெரிக்கா வெளிநாடுகள்ல ரகசிய சிறை வச்சு ஆட்களை சித்திரவதை பண்ணுது, அது பிரிட்டிஷ் பிரதமருக்கு தெரியும், அங்க இருந்து கிடைச்ச தகவலை அவர் தன்னோட பாதுகாப்பு அமைப்புக்கே சொல்லல. அவ்ளோ தான். இந்த ஒரு விஷயம் தான் மொத்த படத்தையும் இழுத்துட்டு போகுது.

இந்த சீனை நான் எங்கப்பா கூட உக்காந்து பாத்தேன். அவர் தாலுகா ஆபீஸ்ல 30 வருஷம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவர், இங்கிலீஷ் படம் பெருசா பாக்க மாட்டார், சப்டைட்டிலை மெதுவா வாய்க்குள்ள படிச்சுக்கிட்டு இருந்தார். அந்த மீட்டிங் ஓடும்போது கையை நீட்டி நிறுத்த சொன்னார். "அந்த பைலை கடைசி வரி வரைக்கும் படிச்சேன்னு வாய விட்டு ஒத்துக்கிட்டவன் அவன் ஒருத்தன் தான், கவனிச்சியா"ன்னார். அதுல என்னப்பா இருக்குன்னு கேட்டேன். "ஆபீஸ்ல படிக்காத மாதிரி இருக்கிறது ஒரு பாதுகாப்பு டா. இனிஷியல் போட்டுட்டா உனக்கு தெரியும்னு ஆயிடுது. தெரிஞ்சும் ஏன் நடவடிக்கை எடுக்கலன்னு நாளைக்கு உன்னை தான் கேப்பாங்க. அதனால பாதி பேர் பைலை மேஜைல வச்சுக்கிட்டே லீவு போட்டு போயிடுவான்."

நான் அவ்ளோ நேரம் பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் தான் பாத்துட்டு இருந்தேன், அவர் பேப்பர் யார் கைல இருந்து யார் கைக்கு போகுதுன்னு பாத்துட்டு இருந்தார். அவர் பாத்தது தான் சரியான முறை. இந்த வகை படத்துல "தெரியும்"ங்கிற வார்த்தை தான் துப்பாக்கி. எனக்கு தெரியாதுன்னு சொல்ற உரிமையை காப்பாத்திக்க பெரிய பதவில இருக்கிறவங்க என்ன வேணா பண்ணுவாங்க, அடுத்தவனுக்கு தெரிஞ்சுதுன்னு நிரூபிக்க எதிராளி என்ன வேணா பண்ணுவான். ஃபைல் யார்கிட்ட இருந்து வந்துது, எத்தனை பேர் படிச்சாங்க, காப்பி இருக்கா, இந்த தகவலை கொடுத்த சோர்ஸ் யாரு, ஒரே சோர்ஸா இல்ல இன்னொருத்தரும் உறுதி பண்ணாங்களா, இதெல்லாம் ஒரு துண்டு பேப்பர்ல குறிச்சுக்கிட்டே பாருங்க. நிஜமாவே பேனா எடுத்து எழுதுங்க, நான் அப்படி தான் ரெண்டாவது தடவை பாத்தேன்.

ஸ்டெப் 5: மரியாதையா பேசினா ஜாக்கிரதை

பிரிட்டிஷ் அதிகாரிங்க பேசுற இங்கிலீஷ்ல சண்டை எல்லாம் மரியாதைக்குள்ள தான் நடக்கும். ஒருத்தர் "வித் ரெஸ்பெக்ட்"னு ஆரம்பிச்சா நீங்க சொல்றது தப்புன்னு அர்த்தம். "தட்ஸ் வெரி இன்ட்ரஸ்டிங்"னு சொல்லிட்டு பேச்சை மாத்தினா அவருக்கு அதுல துளிகூட ஆர்வம் இல்லன்னு அர்த்தம், இல்ல அது அவரை பயமுறுத்திடுச்சுன்னு அர்த்தம், ரெண்டுல எதுன்னு முகத்தை பாத்து தான் சொல்லணும்.

இது நமக்கு கஷ்டமே இல்ல, சொல்லப்போனா நம்ம தான் இதுல கைதேர்ந்தவங்க. பொண்ணு பாக்க வந்தவங்க காபி குடிச்சுட்டு "வீட்ல கலந்து பேசிட்டு சொல்றோம்"னு எழுந்தா என்ன அர்த்தம்னு நம்ம வீட்டு பாட்டிக்கு சொல்லித் தரணுமா? "நீங்க சொன்னா சரியா தான் இருக்கும்"னு ஒரு மாமா சொன்னா அவர் ஒத்துக்கலன்னு குழந்தைக்கும் தெரியும். அந்த காதை அப்படியே இந்த படத்துக்கு எடுத்துட்டு வாங்க. பிரதமரும் ஜானியும் நேருக்கு நேர் உக்காந்து பேசுற சீன்ல ரெண்டு பேரும் எவ்ளோ நாகரிகமா பேசுறாங்கன்னு கேளுங்க, அந்த நாகரிகத்துக்கு அடியில நீ எனக்கு ஆபத்துன்னு ஒருத்தர் சொல்றார், எனக்கும் அது தெரியும்னு இன்னொருத்தர் சொல்றார். எனக்கு அந்த படத்துலயே மயிர்க்கூச்செறிஞ்ச இடம் அது தான்.

ஸ்டெப் 6: சீன் முடிஞ்சதும் நிறுத்தி கேக்க வேண்டியது

இப்போ இந்த ஆளுக்கு புதுசா என்ன தெரிஞ்சுது? அதை யார்கிட்ட சொல்லாம மறைச்சார்? இதுல யாருக்கு லாபம்? இந்த மூணு தான், பெருசா ஒண்ணும் இல்ல. முதல் நாலஞ்சு சீனுக்கு நிறுத்தி கேட்டுக்கிட்டா போதும், அப்புறம் தானா மனசு கேக்க ஆரம்பிச்சுடும்.

ஸ்டெப் 7: நிஜத்துல நடந்ததை கொஞ்சம் படிச்சுட்டு வாங்க

இதை நிறைய பேர் விட்டுடுவாங்க, ஆனா இது தான் படத்துக்கு கனம் குடுக்குது. 2011ல ஒரு பிரிட்டிஷ் குடும்பம் டிவி முன்னாடி உக்காந்து இந்த படத்தை பாக்கிறப்போ அவங்க மனசுல பத்து வருஷ கோவம் இருந்துச்சு.

2002 செப்டம்பர் 24. ஈராக்ல சதாம் உசேன்கிட்ட பேரழிவு ஆயுதம் இருக்குன்னு அப்போ பிரதமரா இருந்த டோனி பிளேரோட அரசாங்கம் ஒரு அறிக்கை வெளியிட்டுச்சு, அதுல 45 நிமிஷத்துல அந்த ஆயுதங்களை தயார் பண்ணிட முடியும்னு ஒரு வரி. பேப்பர்ல எல்லாம் அந்த 45 நிமிஷம் தான் தலைப்பு. அடுத்த மார்ச்ல போர். தேடித் தேடி பாத்தும் அப்படி ஆயுதம் எதுவும் கிடைக்கல. 2004ல இந்த உளவுத் தகவல்களை ஆராய்ஞ்ச பட்லர் கமிட்டி, அந்த 45 நிமிஷம் எந்த வகை ஆயுதத்தை பத்தினதுன்னு சொல்லாம அந்த வரியை போட்டிருக்கவே கூடாதுன்னு எழுதுச்சு. ஒரே ஒரு வரி, அது எவ்ளோ தூரம் கொண்டு போய் விட்டுச்சு பாருங்க. ஈராக் போர் பத்தின சில்காட் விசாரணை அறிக்கை 2016ல தான் வந்துச்சு, 12 பாகம், 26 லட்சம் வார்த்தைகள்.

போருக்கு கொஞ்ச நாள் முன்னாடி, 2003 ஜனவரி கடைசில, ஜிசிஹெச்கியூல மொழிபெயர்ப்பாளரா இருந்த கேத்தரின் கன்னுக்கு ஒரு ஈமெயில் கண்ல பட்டுச்சு. ஐநா பாதுகாப்பு சபைல ஓட்டு எப்படி விழும்னு தெரிஞ்சுக்க சில நாட்டு பிரதிநிதிகளை ஒட்டுக்கேக்க உதவுங்கன்னு அமெரிக்காவோட ஒட்டுக்கேக்கிற அமைப்பான என்எஸ்ஏ கேட்டிருந்துச்சு. அதை அவங்க வெளிய குடுத்தாங்க, மார்ச் 2ம் தேதி அப்சர்வர் பத்திரிகை முதல் பக்கத்துல போட்டுச்சு. இங்க தான் ஒரு சின்ன விஷயம், எனக்கு எப்பவும் மனசை விட்டு போகாது. பத்திரிகை ஆபீஸ்ல யாரோ பழக்கதோஷத்துல அந்த ஈமெயிலோட அமெரிக்க ஸ்பெல்லிங்கை பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்கா மாத்திட்டாங்க. உடனே இது போலின்னு சிலர் கத்த ஆரம்பிச்சாங்க, அமெரிக்கன் எழுதினதுல பிரிட்டிஷ் ஸ்பெல்லிங் எப்படி வரும்னு. ஒரு பொண்ணு தன் வேலையையும் சுதந்திரத்தையும் பணயம் வச்சு வெளிய கொண்டு வந்த உண்மை, ரெண்டு மூணு எழுத்துல சந்தேகத்துக்கு ஆளாச்சு. அவங்க மேல ரகசிய காப்பு சட்டத்துல கேஸ் போட்டாங்க, 2004 பிப்ரவரில அரசு தரப்பு ஆதாரம் எதையும் தாக்கல் பண்ணாம கேஸை கைவிட்டுச்சு.

எட்டாம் பக்கத்துக்கு ரொம்ப கிட்ட வர்ற நிஜ சம்பவம் ஒண்ணு இருக்கு. பின்யம் முகமதுன்னு பிரிட்டன்ல வாழ்ந்துட்டு இருந்த எத்தியோப்பியர், 2002ல பாகிஸ்தான்ல பிடிபட்டு கடைசில கியூபால இருக்கிற அமெரிக்காவோட குவாண்டனாமோ சிறை வரைக்கும் போய் 2009ல தான் வெளிய வந்தார். அவரை எப்படி நடத்தினோம்னு அமெரிக்கா பிரிட்டிஷ் உளவு அமைப்புக்கு சொல்லியிருந்த விவரம், லண்டன் கோர்ட் தீர்ப்புல 7 பத்தியா இருந்துச்சு. அந்த 7 பத்தியையும் வெளிய விடக்கூடாது, விட்டா அமெரிக்கா இனிமே நம்மகிட்ட தகவல் பகிராதுன்னு வெளியுறவு அமைச்சர் டேவிட் மிலிபேண்ட் தரப்பு போராடுச்சு. 2010 பிப்ரவரில அப்பீல் கோர்ட் வெளியிட சொல்லிடுச்சு. தூங்க விடாம வச்சது, மிரட்டினது எல்லாம் அதுல இருந்துச்சு. அதாவது பிரிட்டனுக்கு தெரியும். அது நடந்து ஒண்ணரை வருஷத்துல இந்த படம். இப்போ அந்த மீட்டிங் சீனை மனசுல ஓட்டி பாருங்க, கதைன்னு தோணுதா?

அமெரிக்காவோட ரகசிய சிறைகள் இருந்துச்சுன்னு 2006 செப்டம்பர்ல புஷ்ஷே ஒத்துக்கிட்டார். பிரிட்டன் பக்கம் யாருக்கு எவ்ளோ தெரியும்னு பாக்க 2010ல அப்போதைய பிரதமர் கேமரூன் ஒரு விசாரணை அறிவிச்சார், 2012 ஜனவரில அதை பாதிலயே மூடிட்டாங்க. பார்லிமென்ட் உளவுத்துறை கமிட்டி அறிக்கை வர 2018 ஆச்சு.

ஸ்டெப் 8: நம்பிக்கைங்கிற விஷயத்தை தனியா கவனிங்க

அரசியல் ஒரு பக்கம் ஓடும்போது இன்னொரு பக்கம் நான்சி வர்றாங்க. இவங்க சகோதரரை இஸ்ரேல் ராணுவம் கொன்னுடுச்சு, அந்த சாவுல என்ன நடந்துச்சுன்னு உண்மை தெரியணும்னு போராடுறவங்க. ஜானிக்கு இவங்களை பிடிக்கும். ஆனா எம்ஐ5 ஆள் ஒருத்தர் பக்கத்து வீட்டுல இந்த நேரத்துல இப்படி ஒருத்தங்க வந்து பேச ஆரம்பிக்கிறது தற்செயலா, இல்ல யாராவது அனுப்பி வச்சதா? வாழ்க்கை முழுக்க சந்தேகப்படுறதுக்கே சம்பளம் வாங்கின மனுஷன் ஒரு பொண்ணை எப்படி நம்புவார்? இந்த கேள்வியை படம் அவசரமே இல்லாம, ரெண்டு பேர் பேச்சுலயே கொண்டு போகுது. இங்க எல்லாம் கேமராவை மறந்துட்டு குரலை மட்டும் கேளுங்க, ஜானி எப்போ கேள்வி கேக்கிறதை நிறுத்துறார்னு.

பிரிட்டிஷ் உளவு கதைங்கள்ல நண்பனை நம்பலாமாங்கிற கேள்வி ஏன் ஆறாத புண்ணு மாதிரி திரும்ப திரும்ப வருதுன்னா அதுக்கு காரணம் கிம் ஃபில்பி. எம்ஐ6ல பெரிய இடத்துல இருந்தவர், கேம்பிரிட்ஜ்ல படிச்சவர், உள்ளுக்குள்ள சோவியத் ஆள். 1951ல அவரோட கூட்டாளிங்க பர்ஜஸ், மக்லீன் ரெண்டு பேரும் மாஸ்கோவுக்கு ஓடினப்பவே இவர் மேல சந்தேகம் வந்துச்சு. ஆனா 1955 நவம்பர்ல வெளியுறவு அமைச்சரா இருந்த ஹெரால்ட் மேக்மில்லன் பார்லிமென்ட்லயே இவருக்கு எதிரா ஆதாரம் இல்லன்னு சொல்லிட்டார், அடுத்த நாள் ஃபில்பி தன் அம்மாவோட ஃப்ளாட்டுக்கு நிருபர்களை கூப்பிட்டு சிரிச்ச முகத்தோட எல்லாத்தையும் மறுத்தார். 1963 ஜனவரில அவரோட நெருங்கின நண்பர் நிக்கோலஸ் எலியட்டே பெய்ரூட்டுக்கு போய் அவரை விசாரிச்சார், ஃபில்பி கொஞ்சம் ஒத்துக்கிட்டார், சில நாள்லயே சோவியத் பக்கம் போயிட்டார். அந்த பேச்சை ரகசியமா டேப் பண்ணியிருந்தாங்க, ஜன்னல் திறந்திருந்ததால தெரு ட்ராஃபிக் சத்தத்துல நிறைய இடம் சரியா கேக்கலயாம். ரெண்டு நண்பர்கள், ஒரு ரூம், ஒரு டேப். ஜானியும் பெனடிக்ட்டும் பேசுறப்போ இதை ஞாபகம் வச்சுக்கோங்க, ஒரே காலேஜ், ஒரே கிளப், ஒரே மாதிரி கோட்டுன்னு நம்பி ஏமாந்த ஒரு ஊர்ல இந்த ரெண்டு பேரோட நட்பு எவ்ளோ அபூர்வம்னு தெரியும்.

ஸ்டெப் 9: ரெண்டாவது தடவை, அதுக்கு அப்புறம்

ஒரு வாரம் விட்டு திரும்ப பாருங்க. முழுசா முடியலன்னா அந்த ஃபைல் மீட்டிங்கையும் பிரதமர் சீனையும் மட்டுமாவது. இப்போ யாருக்கு என்ன தெரியும்னு உங்களுக்கே தெரிஞ்சதால, பேசாம உக்காந்திருக்கிறவங்க முகத்தை பாக்க நேரம் கிடைக்கும். ஜில் பேசுறது எல்லாம் வேற மாதிரி கேக்கும், அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்.

ஜானி வொரிக்கர் கதை இதோட முடியல, 2014 மார்ச்ல இன்னும் ரெண்டு படம் வந்துச்சு, "டர்க்ஸ் அண்ட் கெய்க்கோஸ்", அப்புறம் "சால்ட்டிங் த பேட்டில்ஃபீல்ட்". இதே வரிசைல தான் பாக்கணும், மூணாவதை முதல்ல பாத்தா வீண். என் கருத்துக்கு முதல் படம் தான் உச்சம், ரெண்டாவதுல வெயிலும் கடலும் வந்து அந்த மூடின ரூமோட இறுக்கம் கொஞ்சம் தளர்ந்துடுது, ஆனா கிறிஸ்டோபர் வாக்கன் பேசுறதுக்காகவே பாக்கலாம். மூணாவதுல திரும்பவும் பிரதமரோட கணக்கு தீக்கிற கதை.

இந்த மூணும் பிடிச்சு போச்சுன்னா 1979ல பிபிசில அலெக் கின்னஸ் நடிச்ச "டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை" சீரியலுக்கு போங்க, பிரிட்டன்ல ஒளிபரப்பானது 7 எபிசோட். அதோட மூல நாவலை எழுதின ஜான் லெ காரேவே எம்ஐ5, எம்ஐ6 ரெண்டுலயும் வேலை பாத்தவர், ஃபில்பியோட நிழல் அந்த கதைல நல்லா தெரியும். பேஜ் எய்ட்டை விட இன்னும் மெதுவா போகும், அதனால ஒரு ராத்திரிக்கு ஒரு எபிசோட், பக்கத்துல ஒரு பேப்பர், ஒரு பேனா. எங்கப்பா இப்போ மூணாவது எபிசோட்ல இருக்கார், அவர் பேப்பர்ல இதுவரைக்கும் 14 பேர் எழுதி அதுல ரெண்டு பேரை சுழிச்சு வச்சிருக்கார், யாருன்னு எனக்கு காட்ட மாட்டேங்கிறார்.